நல்லதண்ணி ஊர் ஏர்ஃபீல்டும் 'சிவிலியன்'ங்கிற ஒத்த வார்த்தையும்

அமெரிக்காவுல டெக்சஸ் மாநிலத்தோட மேற்குப் பக்கம் ஸ்வீட்வாட்டர்னு ஒரு சின்ன ஊர் இருக்கு. நம்ம வாயில சொன்னா நல்லதண்ணி. நாலு கிணறு உப்பா இருக்குற எடத்துல ஒண்ணு மட்டும் குடிக்கிற மாதிரி இருந்தா அதுக்கு நல்லதண்ணிக் கிணறுன்னே பேரு நின்னுடும்ல, அந்த மாதிரிதான், ஒரு ஓடையோட பேரு ஊருக்கே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு அந்தப் பக்கம் போனா கண்ணுக்கு எட்டுன தூரம் வரைக்கும் கரண்ட் எடுக்குற காத்தாடிதான். மார்ச் மாசமானா வாலை ஆட்டி கிலுகிலுன்னு சத்தம் போடுற ராட்டில்ஸ்னேக் பாம்பைப் புடிச்சுட்டு வந்து ஒரு திருவிழாவே நடத்துவாங்க. ஊருக்கு மேற்கால ஒரு ஏர்போர்ட், சின்னச் சின்ன பிளேன் வந்து போற எடம், பேரு அவெஞ்சர் ஃபீல்டு. பழிவாங்குறவன்னு அர்த்தம். முனிசிபல் ஏர்போர்ட்டுக்கு வெக்கிற பேராய்யா இதுன்னு தோணும், அதுக்குக் காரணம் இருக்கு, வர்றேன்.

ரெண்டாம் உலகப்போர் நேரத்துல, 1943 வசந்த காலத்துல இருந்து 1944 டிசம்பர் வரைக்கும், இங்க ராணுவ பிளேன் ஓட்டப் பயிற்சி எடுத்தவங்க அத்தனை பேரும் பொண்ணுங்க. பிளேன் ராணுவத்தோடது, சிலபஸ் ராணுவத்தோடது, பரீட்சை வெக்கிறவர் ராணுவ ஆபீசர், காலைல எழுப்புறதுல இருந்து ராத்திரி லைட் அணைக்கிற வரைக்கும் ராணுவ டைம்டேபிள், ஆனா பேப்பர்ல மட்டும் அவங்க சிவிலியன், அதாவது ராணுவத்துல சேராத சாதாரண ஜனம். இந்த மைதானத்தோட கதைல எந்த நூலை இழுத்தாலும் கடைசில இந்த ஒத்த வார்த்தைலதான் போய் முட்டுது, அதனால அதையே கைல புடிச்சுக்கிட்டு போலாம்.

முதல்ல ஏன் அந்த எடம்? அங்க மழை கம்மி, மேகமும் கம்மி, நெலம் சமதரை, மரமே அபூர்வம். புதுசா பிளேன் ஓட்டக் கத்துக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும், எஞ்சின் நின்னு போச்சுன்னா எந்தப் பக்கம் பாத்தாலும் எறங்க எடம் இருக்கும். வருஷத்துல முக்காவாசி நாள் பறக்கலாம், பயிற்சி ஸ்கூலுக்கு அதுதான் காசு, ஏன்னா ஒரு நாள் மூட்டம் போட்டு பிளேன் தரைல நின்னா பின்னாடி வர்ற பேட்ச் அத்தனைக்கும் தேதி தள்ளிப்போகும். 1939 நடுவுல இருந்து 1945 வரைக்கும் அமெரிக்க ராணுவம் சுமார் 1,93,000 பைலட்டைத் தயார் பண்ணுச்சு, அவ்வளவு பேருக்கும் சொந்த ஸ்கூலும் சொந்த வாத்தியாரும் ராணுவத்துகிட்ட கெடையாது. அதனால கான்ட்ராக்ட் விட்டாங்க. பிளேனும் ஆளும் அரசாங்கம் தரும், ஓட்டிக் குடுக்குற வாத்தியார், மெக்கானிக், மெஸ் எல்லாம் தனியார் கம்பெனி பாத்துக்கும், தலைக்கு மேல ஒரு சில ராணுவ ஆபீசர் மட்டும் உக்காந்து மேற்பார்வை. டெக்சஸ்லயும் கலிஃபோர்னியாவுலயும் அரிசோனாவுலயும் இப்படி ஏகப்பட்ட மைதானம் மொளைச்சுது. ஸ்வீட்வாட்டர்ல 1929லயே கட்டுன ஒரு ஹேங்கரோட, அதாவது பிளேன் நிறுத்துற கொட்டகையோட, முனிசிபல் ஏர்போர்ட் இருந்துச்சு, ஊர்ப் பெரிய மனுஷங்க அதைக் காட்டி கான்ட்ராக்ட்டைப் புடிச்சாங்க. ஊருக்கு வியாபாரம் ஆச்சே.

முதல்ல வந்தது யாருன்னா, வெள்ளைக்காரப் பசங்க, அதாவது இங்கிலாந்துல இருந்து வந்த ராயல் ஏர்ஃபோர்ஸ் கேடட்டுங்க. இங்கிலாந்து வானத்துல ஜெர்மன் பிளேன் சுத்திட்டிருக்கப்போ அங்க பசங்களுக்கு கத்துக்குடுக்க முடியல, அதனால அமெரிக்காவுல சில ஊர்ல அவங்களுக்குன்னு பயிற்சி ஸ்கூல் நடத்துனாங்க, அதுல ஏழாம் நம்பர் ஸ்கூல் இங்க. ஆனா 1942 கோடைல கொஞ்ச மாசம்தான் ஓடுச்சு, அமெரிக்காவுக்கே மைதானம் பத்தலன்னு ஆனதும் அதை மூடிட்டு தங்களோட ஆம்பள கேடட்டுங்கள உள்ள விட்டாங்க. பேர் வெச்சதும் அந்த வருஷம்தான். ஊருக்குள்ள போட்டி வெச்சாங்க, பேர்ல் ஹார்பர்ல ஜப்பான் குண்டு போட்ட கோபம் ஆறாத நேரம், உள்ளூர் அம்மா ஒருத்தங்க எழுதிப்போட்ட 'அவெஞ்சர்' ஜெயிச்சுது.

சரி, பொண்ணுங்க எப்படி உள்ள வந்தாங்க. அதுக்கு ரெண்டு பேரோட கதை தெரியணும், ரெண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் அவ்வளவா ஆகாது. ஒருத்தங்க ஜாக்குலின் காக்ரன், ஏழ்மைல பொறந்து, அழகுசாதன கம்பெனி ஆரம்பிச்சு, பிளேன் ரேஸ்ல ஆம்பளைங்களோட போட்டி போட்டு 1938ல பெண்டிக்ஸ் கோப்பை ஜெயிச்சவங்க. இன்னொருத்தங்க நான்ஸி லவ், அமைதியான ஆளு, நல்ல குடும்பம், நல்ல படிப்பு. லவ்வோட யோசனை சின்னது: ஏற்கனவே நல்லா ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுங்க கொஞ்ச பேரை எடுத்து ஃபேக்டரில இருந்து ராணுவ தளத்துக்கு பிளேன் கொண்டுபோய் சேக்குற வேலைக்கு வெச்சுக்கலாம். 28 பேர், ஒவ்வொருத்தரும் சராசரியா ஆயிரம் மணி நேரத்துக்கு மேல ஓட்டுனவங்க, 1942 செப்டம்பர்ல டெலவேர்ல ஆரம்பிச்சாங்க. காக்ரனோட யோசனை பெருசு: நாட்டுல ஓட்டத் தெரிஞ்ச பொண்ணுங்க ஆயிரக்கணக்குல இருக்காங்க, ராணுவ முறைல பயிற்சி குடுத்தா உள்நாட்டுல ஆம்பள பைலட் பாக்குற அத்தனை வேலையும் இவங்க பாப்பாங்க, அந்த ஆம்பளைங்கள சண்டைக்கு அனுப்பலாம். ராணுவ விமானப்படைத் தலைவர் ஹாப் ஆர்னால்டு ரெண்டுக்குமே தலையாட்டிட்டாரு. 1943 ஆகஸ்ட் 5ல ரெண்டையும் ஒண்ணாக்கி வுமன் ஏர்ஃபோர்ஸ் சர்வீஸ் பைலட்ஸ், சுருக்கமா வாஸ்ப்னு பேர் வெச்சாங்க. வாஸ்ப்னா குளவி. சுருக்கப் பேரு தற்செயலா அமைஞ்சுதா வேணும்னே அமைச்சாங்களான்னு எனக்கு சந்தேகம் உண்டு, பொருத்தம் அப்படி.

காக்ரனோட பயிற்சி முதல்ல ஹூஸ்டன்ல தொடங்குச்சு, சொதப்பல்தான். கடலோர மூடுபனி, நெரிசலான ஏர்போர்ட், தங்க பாரக்ஸ் கெடையாது, பொண்ணுங்க மோட்டல்லயும் வாடகை ரூம்லயும் சிதறிக் கெடந்தாங்க, யூனிஃபார்ம் கூட இல்ல. அதனால 1943 பிப்ரவரில இருந்து ஸ்வீட்வாட்டருக்கு மாத்த ஆரம்பிச்சாங்க. கொஞ்ச வாரம் அங்க ஆம்பள கேடட்டுங்களும் இருந்தாங்க, ஒரே மைதானத்துல ரெண்டு பேரும், பேசக்கூடாதுன்னு கண்டிப்பான உத்தரவு. அப்புறம் ஆம்பளைங்க பேட்ச் முடிஞ்சு கெளம்பிப் போக, மைதானம் முழுக்க பொண்ணுங்களுக்குன்னு ஆச்சு.

இதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச சமாச்சாரம். சுத்துவட்டார தளங்கள்ல இருந்து பறக்குற ஆம்பள பைலட்டுங்களுக்கு திடீர் திடீர்னு எஞ்சின் கோளாறு வர ஆரம்பிச்சுது, எல்லாருக்கும் சரியா அவெஞ்சர் ஃபீல்டுக்கு மேல வரும்போதுதான் கோளாறு வரும், அவசரமா எறங்கியே ஆகணும். கொஞ்ச நாளுக்குள்ள நூறு பேருக்கு மேல இப்படி 'அவசரமா' எறங்கிட்டாங்க. காக்ரன் பாத்தாங்க, நெஜமான ஆபத்து தவிர வேற யாரும் இங்க எறங்கக்கூடாதுன்னு மைதானத்தை மூடிட்டாங்க. உடனே அதுக்கு காக்ரனோட கன்னிமாடம்னு பட்டப்பேரு விழுந்துச்சு. எந்த ஊரா இருந்தா என்ன, லேடீஸ் ஹாஸ்டல் வாசல்ல பைக் ரிப்பேர் ஆகுறவன் இருக்கத்தான் செய்றான், அங்க பிளேனு.

மொத்தம் 25,000 பேருக்கு மேல விண்ணப்பம் போட்டாங்க, எடுத்தது 1,830 பேரை. இங்க ஒண்ணு கவனிக்கணும். ஆம்பளப் பையன் வந்தா அவனுக்கு பிளேன்னா என்னன்னே தெரியலன்னாலும் பரவால்ல, ராணுவம் அ ஆ-வுல இருந்து சொல்லிக்குடுக்கும். பொண்ணுன்னா ஏற்கனவே ஓட்டத் தெரிஞ்சிருக்கணும், முதல்ல 200 மணி நேரம் கேட்டாங்க, அப்புறம் கொறைச்சு கொறைச்சு 35க்கு வந்தாங்க. அந்தக் காலத்துல ஒரு மணி நேரம் பிளேன் ஓட்டிக் கத்துக்க ஆகுற காசு சாதாரண குடும்பத்துக்கு எட்டாத காசு, டீச்சர், நர்ஸ், ஆபீஸ் டைப்பிஸ்ட், இப்படி இருந்த பொண்ணுங்க சம்பளத்தை சேத்து வெச்சு வாரக் கடைசில போய் அரை மணி அரை மணியா ஓட்டி அந்தக் கணக்கை நெரப்பிட்டு வந்தாங்க. ஸ்வீட்வாட்டருக்கு வர்ற ரயில் காசும் கைக்காசுதான். பயிற்சிக் காலத்துல மாசம் 150 டாலர், அதுலயே சாப்பாட்டுக்கும் தங்குறதுக்கும் புடிச்சுக்குவாங்க.

வந்தவங்களுக்கு குடுத்த முதல் வரவேற்பு, சூட். பொண்ணுங்க சைஸ்ல ஃபிளைட் டிரெஸ் ராணுவத்துகிட்ட இல்ல, ஆம்பள மெக்கானிக்கோட ஓவரால்தான், அதுவும் பெரும்பாலும் 44க்கு மேல. அஞ்சடி மூணங்குலம் அஞ்சடி நாலங்குலம்னு இருக்குற பொண்ணு போட்டா கவட்டை முழங்காலுக்கு வரும், கைய நாலு மடிப்பு, காலை அஞ்சு மடிப்பு மடிச்சு பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கிட்டு நடப்பாங்க. அந்தக் காலத்துல தொளதொளன்னு போட்ட ஃபேஷன் சூட்டை நெனச்சு ஜூட் சூட்னு கிண்டலா பேர் வெச்சாங்க. தலைமுடி பறக்கக்கூடாதுன்னு மேஜர் அர்பன்னு ஒரு அதிகாரி தலைப்பாகை கட்டிக்கச் சொன்னாரு, அதுக்கு அர்பன் டர்பன்னு பேரு, பாக்க ஹாஸ்பிடல்ல இருந்து தப்பிச்சு வந்த மாதிரி இருக்கும்.

தங்குற எடம் நீளமான மரக் கொட்டகை, ஒரு ரூமுக்கு ஆறு கட்டில், ரெண்டு ரூமுக்கு நடுவுல ஒரு பாத்ரூம். பன்னண்டு பேருக்கு ரெண்டு ஷவர், ரெண்டு டாய்லெட், ரெண்டு வாஷ்பேசின், காலைல ஆறு மணிக்கு. இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்ல, ஹாஸ்டல்ல இருந்தவங்களுக்குப் புரியும். கோடைல வெயில் நூறு டிகிரி தாண்டும், கொட்டகைக்குள்ள படுக்க முடியாது, கட்டிலைத் தூக்கிட்டு வந்து ரெண்டு கொட்டகைக்கு நடுவுல வெட்டவெளில போட்டுப் படுப்பாங்க, காத்தடிச்சா காலைல போர்வை மேல செம்மண் படிஞ்சிருக்கும், பாம்பு வேற. ஊர்க்காரங்க முதல்ல பிளேன் ஓட்ட வந்த பொண்ணுங்கன்னா எப்படிப்பட்டவங்களோன்னு ஒரு தினுசா பாத்திருக்காங்க, அப்புறம் ஞாயித்துக்கெழமை சர்ச் முடிஞ்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாப்பாடு போடுற அளவுக்கு ஒட்டிட்டாங்க.

இப்ப பயிற்சிக்கு வருவோம். நாள்ல பாதி கிளாஸ் ரூம், பாதி வானம். கிளாஸ் ரூம்ல வானிலை, திசை கண்டுபுடிக்கிறது, கணக்கு, எஞ்சின், மோர்ஸ் கட் கடா. வானத்துக்கு முதல் பிளேன் பிடி-19, திறந்த காக்பிட், முன்னாடி ஒரு சீட்டு பின்னாடி ஒரு சீட்டு. எஞ்சின் இரைச்சல்ல பேசுனா கேக்காது, அதனால வாத்தியார் வாய்கிட்ட ஒரு குழல், அதுல இருந்து ரப்பர் டியூப் மாணவியோட காதுக்கு வரும், டாக்டரோட ஸ்டெதஸ்கோப் மாதிரி. ஒருவழிப் பாதை. அவர் கத்துறது இவங்களுக்குக் கேக்கும், இவங்க சொல்றது அவருக்குக் கேக்காது, கண்ணாடில முகத்தைக் காட்டி தலையாட்ட மட்டும் முடியும். எதிர்த்துப் பேசவே முடியாத கிளாஸ்.

அடுத்தது பிடி-13, இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் எழுத்து வேற, தமிழ்ல எழுதுனா ஒரே மாதிரி வந்து தொலைக்குது, அதனால அதோட பட்டப்பேரையே சொல்றேன், வைப்ரேட்டர். வல்டீ கம்பெனி பண்ணுனது. வேகம் கொறைஞ்சு றெக்கை காத்தை விட்டுக்குடுக்கப்போற நேரத்துல மேல இருக்குற கண்ணாடி மூடில இருந்து மொத்த உடம்பும் கடகடன்னு ஆடும். அந்த ஆட்டம் ஒரு விதத்துல நல்லது, விழப்போற பாத்துக்கோன்னு பிளேனே முன்கூட்டி சொல்லுது. கடைசியா ஏடி-6 டெக்சன், உள்ள மடங்குற சக்கரம், 600 குதிரைசக்தி எஞ்சின், சண்டை பிளேனுக்கு ஒரு படி கீழ. ஏடி-6 ஓட்டத் தெரிஞ்சுட்டா அடுத்து பி-51 சண்டை பிளேன்ல உக்கார வெக்கலாம், அவ்வளவு நெருக்கம். நடுவுல லிங்க் டிரெய்னர்னு ஒரு பெட்டி, தரையிலயே ஆடும், மூடியப் போட்டா உள்ள கும்மிருட்டு, மீட்டரை மட்டும் பாத்து ஓட்டணும், வெயில்ல அந்தப் பெட்டிக்குள்ள ஒரு மணி நேரம் உக்காந்தா வேர்வைல குளிச்சு வருவாங்க.

பயிற்சி முதல்ல 23 வாரம், அப்புறம் கூடிக் கூடி 30 வாரம் வரைக்கும் போச்சு, வானத்துல சுமார் 210 மணி நேரம். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் செக் ரைடு, அதாவது பறந்து காட்டுற பரீட்சை. தெனம் சொல்லிக்குடுக்குற வாத்தியார் கம்பெனி ஆளு, செக் ரைடுக்கு வர்றவர் ராணுவ ஆபீசர், முன்னப்பின்ன பாக்காத மனுஷன், பின்னாடி உக்காந்து ஒரு வார்த்தை பேசாம வருவாரு, திடீர்னு எஞ்சினைக் கொறைச்சுட்டு எங்க எறக்குவ காட்டுன்னு கேப்பாரு. ரெண்டு தடவை சரியா வரலன்னா பொட்டி கட்ட வேண்டியதுதான். காலைல பக்கத்துக் கட்டில்ல இருந்தவ சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சு வந்தா இருக்க மாட்டா, மெத்தை சுருட்டி வெச்சிருக்கும். 1,830 பேர்ல தேறுனது 1,074.

அதனாலதான் அந்தத் தண்ணித் தொட்டி. மைதானத்துக்கு நடுவுல கல்லு வெச்சுக் கட்டுன வட்டமான குளம், விஷ்ஷிங் வெல், வேண்டுதல் கிணறுன்னு வெச்சுக்கலாம். செக் ரைடுக்குப் போறவ போற வழில அதுல ஒரு காசைப் போட்டுட்டுப் போவா. தனியா முதல் தடவை பறந்து எறங்கிட்டாலோ, கூட இருக்குறவளுங்க நாலு பேரு கையையும் காலையும் புடிச்சுத் தூக்கிட்டு வந்து அந்த ஜூட் சூட்டோட உள்ள தூக்கிப் போடுவாளுங்க. விழுந்தவ அடில கெடக்குற காசுல ரெண்டை எடுத்துக்கலாம்னு ஒரு வழக்கம் வேற.

இன்னொரு சமாச்சாரமும் இந்த மைதானத்துலதான் முடிவாச்சு. மாசவிலக்கு நாள்ல பொண்ணுங்க பிளேன் ஓட்டக்கூடாது, மயக்கம் வரும், அப்படி இப்படின்னு அதுவரைக்கும் விமானத் துறைல ஒரு பேச்சு இருந்துச்சு. அவெஞ்சர் ஃபீல்டு ராணுவ டாக்டர் உக்காந்து கணக்கு எடுத்தாரு, அந்தக் காரணத்தால பறக்குறது ஒண்ணும் கெட்டுப்போகல, விபத்தும் கூடல. எத்தனையோ வருஷம் எல்லாரும் சொன்னது, யாராச்சும் நோட்டைத் தெறந்து எண்ணிப் பாத்ததும் காணாமப் போச்சு.

ஆனா யாரை உள்ள விட்டாங்க யாரை விடலங்கிறதையும் சொல்லணும், இல்லன்னா கதை பாதிதான். கறுப்பினப் பொண்ணு ஒருத்தரைக் கூட எடுக்கல. கறுப்பினத்தவங்களுக்கு பிளேன் ஓட்டப் பயிற்சி குடுத்த டஸ்கீகீல கத்துக்கிட்ட மில்ட்ரெட் ஹெமன்ஸ் கார்டர், லைசென்ஸ் வெச்சிருந்தும் இனத்தைக் காட்டி ஒதுக்குனாங்க. பொண்ணுங்கள வெச்சு ஓட்டுறதே பெரிய சண்டை, இதுல இன்னொரு சண்டைய இழுக்க வேணாம்னு காக்ரன் கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கைப் புரிஞ்சுக்க முடியுது, ஏத்துக்க முடியல. சீனக் குடும்பத்துல இருந்து ரெண்டு பேரு, லகோட்டா பழங்குடில இருந்து ஓலா மில்ட்ரெட் ரெக்ஸ்ரோட், இவங்க உள்ள வந்தாங்க.

அந்த ரெண்டு சீனப் பொண்ணுங்கள்ல ஒருத்தங்க ஹேசல் யிங் லீ. போர்ட்லாண்டுல 1912ல பொறந்தவங்க, 1932லயே லைசென்ஸ். ஸ்வீட்வாட்டர் பயிற்சில வாத்தியார் சொல்லாம கொள்ளாம பிளேனைத் தலைகீழா ஒரு வட்டம் சுத்த, இவங்க பெல்ட் சரியா மாட்டாததால வெளிய விழுந்துட்டாங்க, பாராசூட்டைத் திறந்து எறங்கி, அதை இழுத்துக்கிட்டே நடந்து மைதானத்துக்கு வந்து சேந்தாங்க. இன்னொரு தடவை கேன்சஸ்ல ஒரு வயல்ல அவசரமா எறங்க, ஜப்பான்காரி வந்துட்டான்னு விவசாயி வைக்கோல் அள்ளுற கவைக்கோலை எடுத்துக்கிட்டு பிளேனைச் சுத்தி வெரட்டுன கதையும் உண்டு. சிரிக்கலாம். ஆனா 1944 நவம்பர் 23, மொண்டானாவுல கிரேட் ஃபால்ஸ்ல எறங்குறப்போ, ரேடியோ வேலை செய்யாத இன்னொரு பிளேன் இவங்களுக்கு மேல வர, கண்ட்ரோல் டவர்ல இருந்து மேல ஏறுன்னு வந்த உத்தரவைக் கேட்டு இவங்க ஏற, ரெண்டும் மோதி தீப்புடிச்சுது. ரெண்டு நாள் கழிச்சு எறந்துட்டாங்க.

இங்கதான் அந்த வார்த்தை வந்து நிக்குது. ராணுவ பைலட் செத்தா உடம்பு வீட்டுக்கு வரும், சவப்பெட்டி மேல கொடி, குடும்பத்துக்கு இன்சூரன்ஸ். வாஸ்ப் செத்தா அவ சிவிலியன். ராணுவ மரியாதை, ராணுவப் பலன் ஒண்ணும் கெடையாது. கூட இருக்குறவளுங்க துண்டு ஏந்தி காசு சேத்து பெட்டி வாங்கி, ஒருத்தியை ரயில்ல துணைக்கு அனுப்பி உடம்பை ஊருக்குக் கொண்டுபோய் சேப்பாங்க. மொத்தம் 38 பேர் செத்தாங்க, அதுல 11 பேர் பயிற்சிக் காலத்துலயே. ஸ்வீட்வாட்டருக்கும் அபிலீனுக்கும் நடுவுல மெர்க்கல்னு ஒரு ஊர், 1943 மார்ச் 21ல அதுக்குப் பக்கத்துலதான் கார்னீலியா ஃபோர்ட் விழுந்தாங்க, லவ்வோட முதல் குழுல இருந்தவங்க, கூட்டமா பறந்தப்போ இன்னொரு பிளேனோட சக்கரம் றெக்கைல இடிச்சு. போர்ப் பணில எறந்த முதல் அமெரிக்கப் பெண் பைலட். இவங்கதான் 1941 டிசம்பர் 7 காலைல பேர்ல் ஹார்பருக்கு மேல ஒரு மாணவனுக்கு ஓட்டக் கத்துக்குடுத்திட்டு இருந்தவங்க, ஜப்பான் பிளேன் நேரா மேல மோத வர, ஸ்டியரிங்கைப் புடுங்கி தப்பிச்சு வந்தாங்க.

தேறுனவங்க நாடு பூரா 120 தளத்துக்குப் போனாங்க, மாசம் 250 டாலர். ஃபேக்டரில இருந்து சுமார் 12,650 பிளேனைக் கொண்டுபோய் சேத்தாங்க, மொத்தம் ஆறு கோடி மைல் பறந்ததா கணக்கு. சிலர் பிளேனுக்குப் பின்னாடி நீளமான துணியக் கட்டி இழுத்துக்கிட்டுப் போவாங்க, கீழ இருந்து பீரங்கிப் பசங்க நெஜக் குண்டால அந்தத் துணிய சுட்டுப் பழகுவானுங்க, குறி தப்புனா யாருக்குப் போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. பி-29 பெரிய குண்டுவீச்சு பிளேன் வந்தப்போ எஞ்சின் தீப்புடிக்குதுன்னு ஆம்பளைங்க ஏறவே பயந்தாங்க, பால் டிபெட்ஸ், பின்னாடி ஹிரோஷிமாவுக்குப் போனவர், டோரா டோகர்ட்டி, டோரத்தியா ஜான்சன்னு ரெண்டு வாஸ்ப் பொண்ணுங்களுக்குக் கத்துக்குடுத்து தளம் தளமா ஓட்டிக் காட்ட வெச்சாரு. அதுக்கப்புறம் எவனும் பயம்னு வாயத் தெறக்கல. கெர்ட்ரூட் டாம்ப்கின்ஸ் சில்வர் 1944 அக்டோபர் 26ல லாஸ் ஏஞ்சலஸ்ல இருந்து புத்தம்புது பி-51ல கெளம்புனாங்க, இன்னைக்கு வரைக்கும் பிளேனும் கெடைக்கல ஆளும் கெடைக்கல.

இவ்வளவு நல்லா போய்ட்டிருந்ததை ஏன் மூடுனாங்க? நல்லா போனதாலதான், ஒரு விதத்துல. 1944 ஆரம்பத்துல போர் திரும்பிடுச்சு, நெனச்ச அளவுக்கு பைலட்டுங்க சாகல, ஆள் மிச்சம். ஆம்பளைங்களுக்கு ஓட்டக் கத்துக்குடுத்த தனியார் ஸ்கூல் கான்ட்ராக்டெல்லாம் முடிய ஆரம்பிச்சுது, அங்க இருந்த ஆம்பள வாத்தியாருங்களுக்கு வேலை போச்சு, வேலை போனா ராணுவ விலக்கும் போச்சு, நேரா காலாட்படைதான். அந்த நேரம் பாத்து ஆர்னால்டு வாஸ்ப்பை முறைப்படி ராணுவத்துல சேக்க மசோதா கொண்டுவந்தாரு. எங்க வேலைய பொண்ணுங்களுக்குத் தர்றீங்களான்னு வாத்தியாருங்க வாஷிங்டன்ல குரல் குடுத்தாங்க, பேப்பர்காரங்க பின்பாட்டு. 1944 ஜூன் 21ல கீழ்சபைல 188க்கு 169ன்னு மசோதா தோத்துச்சு. பத்தொம்பது ஓட்டு. போர்க்காலத்துல ஆர்னால்டு கேட்டு கெடைக்காமப் போன விஷயங்கள் ரொம்பக் கம்மி, அதுல இது ஒண்ணு.

கடைசி பேட்ச் 1944 டிசம்பர் 7ல, பேர்ல் ஹார்பர் நடந்து சரியா மூணு வருஷத்துல, அவெஞ்சர் ஃபீல்டுல றெக்கை சின்னம் குத்திக்கிட்டாங்க. ஆர்னால்டே வந்து பேசுனாரு, சின்னப் பொண்ணுங்க பெரிய பி-17 பிளேனை மோசமான வானிலைல அடக்க முடியுமான்னு எனக்கு ஆரம்பத்துல தெரியல, இப்ப பொண்ணுங்களும் ஆம்பளைங்க மாதிரி ஓட்டுவாங்கன்னு பதிவாயிடுச்சுன்னு சொன்னாரு. அந்த பேட்ச்சுக்குக் கெடைச்ச வேலை ரெண்டு வாரம் கூட இல்ல, டிசம்பர் 20ல எல்லாத்தையும் கலைச்சுட்டாங்க. ஊருக்குப் போற டிக்கெட் அவங்கவங்க காசு. பதிவாயிடுச்சுன்னு சொன்ன அந்தப் பதிவெல்லாம் ரகசியம்னு முத்திரை குத்தி உள்ள போச்சு, அதனால போர் வரலாறு எழுதுனவங்க கண்ணுலயே படல.

1976ல அமெரிக்க விமானப்படை ஒரு அறிவிப்பு விட்டுச்சு, முதல் முறையா பொண்ணுங்களுக்கு ராணுவ பிளேன் ஓட்டப் பயிற்சி தரப்போறோம்னு. முதல் முறையா! அம்பது அறுபது வயசுல பேரன் பேத்தி பாத்துக்கிட்டிருந்த வாஸ்ப் பொண்ணுங்களுக்கு சுருக்குனு ஏறிடுச்சு, எங்களையும் ராணுவத்துல இருந்தவங்கன்னு ஏத்துக்கணும்னு போராட எறங்கிட்டாங்க. ஆர்னால்டோட மகன் புரூஸ் ஆர்னால்டும், போர்க்காலத்துல தானும் பிளேன் ஓட்டுன செனட்டர் பேரி கோல்டுவாட்டரும் கூட நின்னாங்க. மத்த ராணுவ வீரர் சங்கங்க எதிர்த்தாங்க, உங்களுக்குக் குடுத்தா எல்லா சிவிலியனும் வருவான்னு. கடைசில திருப்பிப் போட்டது ஒரு காகிதம். ஹெலன் போர்ட்டர்னு ஒரு வாஸ்ப் 1944ல வேலைய விட்டு வரும்போது அவங்க தளத்து அதிகாரி குடுத்த சான்றிதழ். ராணுவத்துல பணியாற்றி கௌரவமா விடைபெற்றாங்கன்னு எழுதியிருந்துச்சு, சிப்பாய்க்குக் குடுக்குற அதே வாசகம். எந்த ஊர் அதிகாரியோ, கைல இருந்த ஃபாரத்தை நெரப்பிக் கையெழுத்துப் போட்டிருக்காரு, முப்பத்து மூணு வருஷம் கழிச்சு அது சாட்சி சொல்லுச்சு. 1977 நவம்பர் 23ல அதிபர் ஜிம்மி கார்டர் அதுக்கான சட்டத்துல கையெழுத்துப் போட்டாரு, 1979 மார்ச்ல முறைப்படி ராணுவ சேவைன்னு ஏத்துக்கிட்டாங்க. 2010 மார்ச் 10ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸோட தங்கப் பதக்கம், சக்கர நாற்காலில வந்து வாங்குனாங்க பல பேரு.

அதுக்கப்புறமும் காகிதம் விடல. எலேன் ஹார்மன்னு ஒரு வாஸ்ப், 2015 ஏப்ரல்ல எறந்தாங்க, தன்னோட சாம்பலை ஆர்லிங்டன் ராணுவ மயானத்துல வெக்கணும்னு கைப்பட எழுதி வெச்சுட்டுப் போனாங்க. இவங்களுக்கு அங்க எடம் கெடையாதுன்னு ராணுவம் அப்போதான் விதிய மாத்தியிருந்துச்சு. குடும்பம் சாம்பலை அலமாரில வெச்சுக்கிட்டு மனு மேல மனு போட்டுச்சு, 2016 மே மாசம் அதுக்குன்னு தனியா ஒரு சட்டம் வந்து, செப்டம்பர் 7ல அடக்கம் பண்ணுனாங்க.

மைதானம் என்னாச்சுன்னு கேட்டா, போர் முடிஞ்சதும் ராணுவம் கையக் கழுவிட்டு ஊர்கிட்டயே விட்டுட்டுச்சு, 1950கள்ல விமானப்படை திரும்ப வந்து ரேடார் நிலையம் வெச்சு 1969 வரைக்கும் ஓட்டுச்சு, 1970ல இருந்து அந்த வளாகத்துல டெக்னிக்கல் காலேஜ் நடக்குது, காத்தாடி ரிப்பேர் பண்ற படிப்பு அங்க இருக்கு. 1929ல கட்டுன அந்த ஒண்ணாம் நம்பர் ஹேங்கர்ல 2005 மே மாசத்துல இருந்து வாஸ்ப் மியூசியம். ஓடுதளம் இன்னும் அதே பேர்லதான் ஓடுது. வேண்டுதல் கிணத்தைச் சரிபண்ணி வெச்சிருக்காங்க, காலேஜ் வளாகத்துக்குள்ளயே இருக்கு, தண்ணியோட.